தண்ணீர்த் தொட்டிக்கு நேரே நிற்கவும்

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிற என் வயதுக்காரர்களே, உங்கள்மேல் ஒரு புகார் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுத்தான் கதைக்குப் போவேன். போன மாதம் நம்மில் ஒருத்தி பேரனுடைய காதுகுத்துக்கு அழைத்துச் செய்தி அனுப்பினாள். இருபத்து மூன்று வரி. குலதெய்வத்தின் கருணை, பேரனின் சுருட்டை முடி, நாமெல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பொற்காலம், ஏழு கும்பிடு, நான்கு ரோஜாப்பூ. எந்த மண்டபம் என்பது மட்டும் இல்லை. நான் பாட்டுக்குப் பொத்தேரியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாழைமரம் கட்டியிருந்த முதல் மண்டபத்துக்குள் நுழைந்து, யார் வீட்டு வளைகாப்பிலோ மூன்றாம் பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பாயசம் நன்றாக இருந்தது. அது வேறு விஷயம்.

கோபப்பட எனக்கு யோக்கியதை கிடையாது. முப்பது வருஷம் அரசாங்க ஆபீசில் சுற்றறிக்கை எழுதியவள் நான். அவற்றை யாரும் படித்ததாகத் தகவல் இல்லை. அதற்கும் முன்னால், பத்து வயதில், இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்றைச் செய்தேன். அதுவும் ராணுவத்துக்கு எதிராக.

எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். என் நைனா பட்டாளத்தில் நாயிப் சுபேதார். முப்பது சொச்சம் ஜவான்கள் கொண்ட ஒரு பிளாட்டூனுக்குத் தலைவர். அவர் வடக்கே பனி விழுகிற ஏதோ ஊரில் இருக்க, நாங்கள் புதுப்பட்டினத்தில் இருந்தோம். பக்கத்தில் கல்பாக்கம் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்த காலம். சிமென்ட் லாரி போகிற ரோட்டை ஒட்டி எங்கள் ஓட்டு வீடு. பின்னால் சவுக்குத் தோப்பு, அதற்கும் பின்னால் கடல். வீட்டில் எதைத் தொட்டாலும் கையில் உப்பு ஒட்டும். மேல்காற்று அடித்தால் சிமென்ட் ஒட்டும். நாக்கை நீட்டினால் இரண்டும் ஒட்டும், பார்த்திருக்கிறேன்.

நைனா லீவில் வந்தாலும் பட்டாளம் அவரை விட்டுப் போகாது. ஒரு மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போய்க் கடலில் முழுக்குப் போட முடிவானது. அன்று காலை வாசலில் மணலைக் குவித்து, நைனா மாமல்லபுரத்தையே கட்டிவிட்டார். இரண்டு செங்கல், கடற்கரைக் கோயில். நிறுத்திவைத்த சங்கு, கலங்கரை விளக்கம். அம்மாவின் நீல ரவிக்கைத் துணி, வங்கக் கடல். அம்மா, நான், பெரியப்பா மூவரும் சுற்றி நிற்க, நைனா குச்சியால் தொட்டுத் தொட்டு உத்தரவு கொடுத்தார்.

"நிலைமை: கூட்டம் ஜாஸ்தி. நோக்கம்: ஒருத்தரும் தொலையாம குளிச்சிட்டு வர்றது. நோக்கம்: ஒருத்தரும் தொலையாம குளிச்சிட்டு வர்றது."

பெரியப்பா நைனாவுக்கு அண்ணன். லாரி வைத்திருந்தார். யாரும் அவருக்கு வழி சொல்லிவிட முடியாது. "இன்னாடா, ஒண்ணையே ரெண்டு தபா சொல்லிகினு கீற? எங்க காது இன்னா ஓட்டையா?"

"குண்டு வெடிச்சிகினு இருக்கச் சொல்லோ ஆளு பாதிதாண்ணா கேப்பான். அதனால முக்கியமான வரிய ரெண்டு தபா சொல்லணும். ரெண்டு பாதி சேர்ந்தா முழுசு."

"மாபலிபுரத்துல ஏதுடா குண்டு? பொரி விக்கிறவன்தான் கீறான்."

அன்று தொலைந்துபோனவர் பெரியப்பாதான். தொலைந்தால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று நைனா சொன்னபோது அவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் சங்குக்குக் கீழே, அதாவது கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, மூன்று மணி நேரம் நின்றோம். அவர் பொழுது சாய்ந்து தனியாக வீடு வந்து, "என்ன உட்டுட்டு வந்துட்டீங்களே" என்று ஒரு வாரம் பேசவில்லை.

அந்த லீவு முடிந்து நைனா போன பிறகுதான் தம்பி வயிற்றில் இருப்பது தெரிந்தது. மார்கழியில் பிறந்தான். நைனாவுக்கு லீவு வரவில்லை. மாசி வந்தது, பங்குனி வந்தது, லீவு வரவில்லை. கடிதம் மட்டும் வந்தது.

ஊரில் எல்லார் வீட்டுக் கடிதமும் 'அன்புள்ள' என்று தொடங்கும். எங்கள் வீட்டுக் கடிதம் 'நிலைமை' என்று தொடங்கும். பிளாட்டூனுக்கு உத்தரவு எழுதுகிற அதே ஐந்து தலைப்பு. ஒன்று என் கைவசம் இருக்கிறது:

"1. நிலைமை: ஐப்பசி மழைக்கு நான்கு மாதம் உள்ளது. கூரையில் பதினோரு ஓடு உடைசல்.

2. நோக்கம்: நீங்கள் மழையில் நனையாமல் இருப்பது. நோக்கம்: நீங்கள் மழையில் நனையாமல் இருப்பது.

3. செய்முறை: முதலில் சமையற்கட்டு, அடுத்து கூடம். அண்ணன் ஏணியைப் பிடிப்பார். அண்ணன் மேலே ஏறக் கூடாது.

4. சாமான்: ஓடு இருபது. மிச்சம் ஒன்பதை மாட்டுக்கொட்டகையில் அடுக்கவும்.

5. தொடர்பு: முடிந்ததும் ஒரு வரி எழுதவும். நகல்: அண்ணன்."

நகல் என்றால் வாய்ப்பேச்சு இல்லை. கார்பன் வைத்து எழுதிய இரண்டாவது தாள், தனி உறையில், அதே வீட்டுக்கு, அதே தபால்காரர் கையில் பெரியப்பா பேருக்கு வரும். பெரியப்பா தன் நகலைப் படித்துவிட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார்: "லெட்டரா இது, போலீஸ் நோட்டீசு. எந்தம்பி ஆளு இல்ல, மரக்கட்டை. பெத்த புள்ளையப் பாக்காத மனுசன் ஓட்டை எண்ணிகினு கீறான்."

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புருஷன் கடிதத்தை அவர் அண்ணனை, அதாவது மூத்தாரை, வாசிக்கச் சொல்லிக் கேட்பது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. அவர் எதிரே வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு ஒதுங்குகிறவள் அவரிடம் எப்படி நீட்டுவாள்? ஆக, வாசிக்கும் பொறுப்பு ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கு. பதில் எழுதும் பொறுப்பும் எனக்கே. ஒரு தகவல்தொடர்பு முழுவதையும் ஒரே ஆளிடம், அதுவும் என்னைப் போன்ற ஆளிடம், கொடுக்கக் கூடாது என்பதை இந்திய ராணுவம் என்னை வைத்துத்தான் கற்றிருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் ஒரு சாச்சி இருந்தாள்; முஸ்லிம் வீடுகளில் சித்தியைச் சாச்சி என்பார்கள். அவள் வீட்டுக்காரர் துபாயில். அவரிடமிருந்து பன்னிரண்டு பக்கக் கடிதம் வரும். உறையைப் பிரித்தாலே அத்தர் வாசனை. சாயங்காலம் கிணற்றடியில் அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருக்கும்போது சாச்சி வந்து உட்கார்ந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை வாசிப்பாள். 'பாலைவனத்து மணலைப் பார்க்கும்போதெல்லாம் உன் கண்மை ஞாபகம் வருகிறது, முத்தே.' மணலுக்கும் கண்மைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. நான் வாயைப் பிளந்து கேட்டேன்.

"ஏங்க்கா, உங்க வூட்டுக்காரரு இந்த தபா எத்தினி ஓடு எழுதி கீறாரு?" என்பாள் சாச்சி.

அம்மா சிரிப்பாள். ஒரு நாள் சிரிக்கவில்லை. மீனை ஆய்ந்த கை அப்படியே சட்டியில் நின்றது. "எழுதுறவங்களுக்கு எழுத வருது. அவருக்கு வர்ல" என்றாள். அவ்வளவுதான். அந்தக் கையில் ஒட்டியிருந்த செதில் வெயிலில் மினுங்கியது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அடுத்த கடிதம் வந்தபோது நான் 'நிலைமை' என்று தொடங்கவில்லை. "என் கண்ணான முத்தே" என்று தொடங்கினேன்.

அம்மா புடைத்துக்கொண்டிருந்த முறம் நின்றது. "இன்னாடி? அப்டியா எழுதி கீறாரு?"

"ஆமாம்மா. இங்கப் பாரு." 'நிலைமை' என்ற சொல்லைத் தொட்டுக் காட்டினேன்.

"எங்க, இன்னொரு தபா வாசி."

அதுதான் ஆபத்து. ஒருமுறை புளுகுவது யாருக்கும் வரும். அதே புளுகை எழுத்து மாறாமல் மறுபடி சொல்ல உழைப்பு வேண்டும். நான் உழைத்தேன். பனி விழும் மலையில் உன் சிரிப்பு தெரிகிறது என்றேன். துப்பாக்கியைத் துடைக்கும்போது உன் வளையல் சத்தம் கேட்கிறது என்றேன். ஓடு, ஏணி, எண்ணிக்கை போன்ற அற்ப விஷயங்களைக் கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மூச்சில் சொல்லிவிடுவேன். ஒரே வரி இரண்டு முறை வருகிற 'நோக்கம்' எனக்குப் பிடிக்கவே இல்லை. மைக்குப் பிடித்த கேடு என்று முதல் கடிதத்திலிருந்தே ஒருமுறை மட்டும் சொல்வேன். அதையும் சில சமயம் விட்டுவிடுவேன்.

அம்மா மாறிப்போனாள். பெரியப்பா மரக்கட்டை என்று சத்தம் போடும்போது அடுப்படியில் இருந்தபடியே தனக்குள் சிரித்துக்கொள்வாள். பாவம், அவருக்கு வருவது நகல். உப்பு சப்பு இல்லாத தாள். அசல் என்னிடம் அல்லவா இருக்கிறது என்கிற சிரிப்பு.

சிக்கல் பதில் எழுதும்போது வந்தது. அம்மா தூளியை ஆட்டிக்கொண்டே சொல்வாள்: "நீங்க முத்தேன்னு எழுதுனத இவ வாசிக்கச் சொல்லோ, அடுப்புல வெச்ச பாலு பொங்கி அணைஞ்சே போச்சி. நான் பாக்கவே இல்ல. அப்பறம் துணி எடுத்துத் தொடச்சிகினு ஒக்காந்து சிரிச்சேன். புள்ள என்னப் பாத்துச் சிரிச்சான்."

'முத்தே' என்று எழுதினால் நைனாவுக்குத் தெரிந்துபோகும், அவர் எழுதவே இல்லையே. ஆகவே நான் எழுதியது: 'பால் பொங்கியது. துடைக்கப்பட்டது. பையன் நலம்.'

வருகிற கடிதத்தை ஊதினேன், போகிற கடிதத்தை வற்றவைத்தேன். நைனாவிடமிருந்து பதில் வந்தது. 'உன் கடிதங்கள் தற்போது மிகச் சிறப்பு. சுருக்கம், தெளிவு. பால் பொங்கியது, துடைக்கப்பட்டது என்ற வரிகளைப் பிளாட்டூனுக்கு வாசித்துக் காட்டி, அறிக்கை என்றால் இப்படி எழுத வேண்டும் என்றேன். பாராட்டு.' எங்கோ ஒரு பனிமலையில் முப்பது ஜவான்கள் நின்று, எங்கள் வீட்டுப் பாலைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால், அந்த அறிக்கையை நம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பால் பொங்கியதற்கான காரணம் அதில் மறைக்கப்பட்டிருந்தது.

ஐப்பசி தொடக்கத்தில் அந்தக் கடிதம் வந்தது. கூரை மாற்றியாகிவிட்டது. தம்பிக்குப் பத்து மாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தத் தாளும் என்னிடம் இருக்கிறது, மடிப்பில் கிழிந்து.

"1. நிலைமை: புதிதாகச் சேர்ந்த முப்பது பேரை அழைத்துப் போகத் திருச்சி வருகிறேன். திரும்பும் வழியில் செங்கல்பட்டு வரும். இறங்க அனுமதி இல்லை.

2. நோக்கம்: பையனை எனக்குக் காட்டுவது. நோக்கம்: பையனை எனக்குக் காட்டுவது.

3. செய்முறை: அடுத்த வெள்ளி காலை பத்தரைக்கு ரயில் செங்கல்பட்டு வரும். பத்து நிமிடம் நிற்கும். எங்கள் பெட்டி கடைசி. பிளாட்பாரத்தில் மதுராந்தகம் பக்கத்துக் கோடியில், தண்ணீர்த் தொட்டிக்கு நேரே நிற்கவும்.

4. சாமான்: குடை ஒன்று. பையனுக்குத் தொப்பி. வேறு எதுவும் கொண்டுவர வேண்டாம்.

5. தொடர்பு: நான் சன்னலில் இருப்பேன். நகல்: யாருக்கும் இல்லை."

கண்ணில் நீர் வராமல் இதை இப்போது என்னால் வாசிக்க முடியாது. அப்போது சுலபமாக முடிந்தது. ஏனென்றால் முழுவதும் வாசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை, பத்தரை, செங்கல்பட்டு, பத்து நிமிடம், இவற்றைச் சொன்னேன். அந்த அளவுக்கு மூளை இருந்தது. அடுத்த வரியில் தண்ணீர்த் தொட்டி வந்தது. காதல் கடிதத்தில் தண்ணீர்த் தொட்டி எதற்கு என்று என் இலக்கிய மனம் கேட்டது. அதைத் தூக்கிவிட்டு, "எந்தக் கூட்டத்தில் நீ நின்றாலும் என் கண்கள் உன்னைக் கண்டுபிடிக்கும், முத்தே" என்று வாசித்தேன். சாமான் இடத்தில், "உன் கையால் ஒரு வாய் சோறு போதும்" என்று சேர்த்தேன்.

அம்மா அந்த வெள்ளி வரைக்கும் தரையில் நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். அம்மாவுக்குக் கல்யாணப் புடவை, தலை நிறையக் கதம்பம். இடுப்பில் தம்பி, அவன் தலையில் சாச்சி பின்னிக் கொடுத்த சிவப்புத் தொப்பி. கக்கத்தில் குடை, கையில் நான்கு அடுக்கு எவர்சில்வர் தூக்கு: புளிச்சோறு, நெத்திலி வறுவல், முட்டை, அதிரசம். சாச்சி வாசலில் நின்று கேட்டாள்: "யக்கா, ரயிலு பத்து நிமிசம்தான் நிக்குமாம். அதுக்குள்ள நாலடுக்கும் அவரு எப்டி துன்னுவாரு?"

"அவரு கேட்டு கீறாரு. நான் வேணாம்னு சொல்ல முடியுமா?" என்றாள் அம்மா, என்னைப் பார்த்து. நான் காக்காயைப் பார்த்தேன்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ். தூறல். செங்கல்பட்டு ஸ்டேஷனில் இறங்கியபோது கொளவாய் ஏரி நிரம்பித் தண்டவாளத்தைத் தொடுகிற மாதிரி கிடந்தது. பிளாட்பாரம் வெறும் சிமென்ட் வீதி. நடுவில் மட்டும் கூரை, கூரைக்கடியில் டீக்கடை, சுவரில் வட்டக் கடிகாரம். அம்மா கடிகாரத்துக்குக் கீழே போய் நின்றாள். தூக்கைக் காலடியில் வைத்தாள். கதம்பத்தைச் சரிசெய்துகொண்டாள்.

பத்தரை என்றால் பத்தரைக்கே வந்தது ரயில். பெட்டி பெட்டியாக எங்களைக் கடந்துபோய் நின்றது. எத்தனையோ முகங்கள், இட்லிப் பொட்டலம், கூஜா, அழுகிற குழந்தை. பச்சை உடுப்பு ஒன்றுகூட இல்லை. அம்மா பதறவில்லை. சிரித்த முகத்தோடு அசையாமல் நின்றாள். கண்டுபிடிப்பவர் அவர், அவள் செய்ய வேண்டியது அழகாக நிற்பது மட்டும்.

இரண்டு நிமிடம். நான்கு நிமிடம். நான் சும்மா இடது பக்கம் பார்த்தேன். ரயிலின் வால் எங்கேயோ கோடியில், கூரை இல்லாத இடத்தில், மழையில் நின்றது. அதற்கு நேரே இரும்புக் கால்கள்மேல் கறுப்பாக ஒரு தண்ணீர்த் தொட்டி.

நான் வாசிக்காமல் தூக்கிவிட்ட அதே தொட்டி.

"அம்மா, அந்தப் பக்கம் போலாமா?"

"எதுக்கு? நனையவா? அவருதான் கண்டுபுடிப்பேன்னு எழுதி கீறாரே."

"சும்மா போய்ப் பாக்கலாம்மா."

"நாம ஒரு பக்கம் போவ, அவரு ஒரு பக்கம் வர, பேஜாராய்டும். நில்லுடி."

ஆறு நிமிடம். ஏழு. நீங்களே சொல்லுங்கள், பத்து வயதில் என்ன செய்வீர்கள்? வாயைத் திறந்தால் முதுகுத்தோல் போகும். அதைவிட, அம்மாவின் அந்தச் சிரிப்பு போகும். நான் மாதக்கணக்காகச் சேர்த்த சிரிப்பு. திறக்காவிட்டால் ரயில் போகும். இந்த வயதிலும் எனக்கு முடிவெடுக்கத் தெரியாது. புடவைக் கடையில் என்னோடு வந்தவர்களுக்குத் தெரியும். அன்று கார்டு பச்சைக்கொடியை விரித்து விசில் ஊதினார். விசில்தான் என் வாயைத் திறந்தது.

"அம்மா, தண்ணித் தொட்டிகிட்ட நிக்கணும். அவரு அதத்தான் எழுதி கீறாரு. கண்ணு கண்டுபுடிக்கும்னு எழுதல. அது நானு."

அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். அந்தக் கணத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இப்போதும் முழுசாகச் சொல்லப்போவதில்லை. பிறகு குடையைக் கீழே போட்டாள். தூக்கை விட்டாள். தம்பியை மார்போடு அணைத்துக்கொண்டு தொட்டியை நோக்கி ஓடினாள்.

ரயில் நகர்ந்துவிட்டது. ஆனால் அது போவது மெட்ராஸ் பக்கம், நாங்கள் ஓடுவது மதுராந்தகம் பக்கம். ஆகவே கடைசிப் பெட்டி எங்களை நோக்கி வந்தது. கூரை முடிந்து மழைக்குள் வந்ததும் அம்மா நின்றாள். வழுக்குகிற சிமென்டில் கால்களை அகட்டி ஊன்றி, தம்பியை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். கதம்பம் அவிழ்ந்து தோளில் தொங்கியது. தம்பியின் சிவப்புத் தொப்பி கழன்று தண்டவாளத்தில் விழுந்தது.

பச்சை உடுப்புகள் நிறைந்த பெட்டி. சன்னல் கம்பிகளுக்குப் பின்னால் நைனா. வெகுநேரமாகத் தொட்டிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர், எங்களைக் கடக்கும்போதுதான் திரும்பினார். கையசைக்கவில்லை. கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தார். வாய் அசைந்தது. சக்கரச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொன்னார் என்பது மட்டும் உதடு அசைந்ததில் தெரிந்தது.

திரும்பி வந்து பார்த்தால் குடை இருந்தது. தூக்கு இல்லை. நான்கு அடுக்கையும் யாரோ ஒரு புண்ணியவான் சாப்பிட்டிருப்பான், நல்ல வறுவல்.

பஸ்ஸில் அம்மா தம்பியின் தலையை முந்தானையால் துவட்டினாள். திருக்கழுக்குன்றத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கியபோது, மலையைப் பார்த்தபடி கேட்டாள்.

"முத்தேன்னு எழுதுனது?"

"நானு."

"வளையல் சத்தம்?"

"நானு."

"ஓட்ட மாத்துன்னு?"

"அது நைனா."

"நான் சொன்னத எல்லாம் அவருக்கு எழுதுனியா?"

"கொஞ்சம்."

"பாலு பொங்குனது?"

"பொங்குச்சின்னு எழுதுனேன்."

"நான் சிரிச்சது?"

நான் சன்னல் கம்பியை எண்ணினேன். அம்மா என் காதைப் பிடித்தாள். திருகுவாள் என்று கண்ணை மூடினேன். மழைத்தண்ணீரைத் துடைத்துவிட்டாள். அதற்குத் திருகியிருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு எழுத்துக்கூடக் குறைக்கவில்லை; குறைக்க வழியும் இல்லை. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் சாச்சி வாங்கி உரக்க வாசித்துச் சரிபார்த்தாள். "யக்கா, 'அந்தப் பாவி மவ'ன்னு சொன்னீங்களே, 'பாவி'ய உட்டுட்டா" என்று காட்டிக்கொடுத்தாள். முத்து, வளையல், பால், தொட்டி, தூக்கு எல்லாம் போனது. பதினோரு பக்கம்.

சாச்சியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அடுத்த வருஷம் அவள் வீட்டுக்காரர் வந்தபோதுதான் தெரிந்தது: அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் எழுதியது அவரோடு தங்கியிருந்த இன்னொருவர். அறையில் இருந்த எட்டுப் பேருடைய மனைவிமாருக்கும் அதே கண்மை, அதே மணல். சாச்சி மூன்று நாள் அவருக்கு நாஸ்தா கொடுக்கவில்லை. நாங்கள் எல்லாரும் அந்த மனிதரைத்தான் அன்பானவர் என்றும் என் நைனாவை மரக்கட்டை என்றும் தீர்ப்பு எழுதியிருந்தோம்.

மூன்று வாரம் கழித்து நைனாவின் பதில் வந்தது. சாச்சி வாசிப்பாள் என்று நினைத்தேன். அம்மா என்னிடமே கொடுத்தாள். "எழுதுனத எழுதுன மாரி வாசி" என்றாள். வாசித்தேன்.

"நிலைமை: உன் கடிதம் கிடைத்தது. பதினோரு பக்கம். இரண்டு முறை படித்தேன். பிளாட்டூனுக்கு வாசித்துக் காட்டவில்லை. பையனைப் பார்த்தேன். காது என்னுடையது. மற்றது எல்லாம் உன்னுடையது. நல்லது.

நோக்கம்: வீடு வருவது.

செய்முறை: மாசிக்குள் லீவு உறுதி.

சாமான்: நான்கு அடுக்குத் தூக்கு ஒன்று பிளாட்பாரத்தில் கைவிடப்பட்டதைக் கண்டேன். சரியான முடிவு. புதியது வாங்கி வருவேன்.

தொடர்பு: வாசிக்கும் பெண்ணை அடிக்க வேண்டாம். அவளுக்கு எழுத வருகிறது. கட்டுப்பாடு வரவில்லை. நகல்: யாருக்கும் இல்லை."

அம்மா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துத் தெரியாத விரலைத் தாளில் வைத்தாள்.

"இங்க ரெண்டு வரி ஒரே மாரி கீதே. நீ ஒண்ணுதான வாசிச்ச?"

பழக்கதோஷம். நானே கவனிக்கவில்லை. "ஒண்ணேதாம்மா. அவரு எப்பவும் அந்த வரிய ரெண்டு தபா எழுதுவாரு."

"எப்பவுமேவா?"

"எல்லா லெட்டர்லயும்."

அம்மா எழுந்துபோய், அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்த பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்து எல்லாக் கடிதத்தையும் என் மடியில் கொட்டினாள்.

"நீ உட்ட பாக்கிய வாசி."

அப்போதுதான் மழை பிடித்தது. புது ஓடு, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. தம்பி டப்பா மூடியைத் தட்டிக்கொண்டிருந்தான். நான் ஒவ்வொரு தாளாகப் பிரித்து, அந்த இரண்டாவது வரியை மட்டும் வாசித்தேன்.

"நோக்கம்: பிரசவத்துக்கு நீ தனியாக இல்லாமல் இருப்பது."

"நோக்கம்: பெண் பள்ளிக்கூடத்தை விடாமல் இருப்பது."

"நோக்கம்: நீங்கள் மழையில் நனையாமல் இருப்பது."

"நோக்கம்: பையனை எனக்குக் காட்டுவது."

ஒவ்வொன்றுக்கும் அம்மா தலையாட்டினாள். கடைசியாக, அன்று வந்ததை எடுத்தேன்.

"நோக்கம்: வீடு வருவது."

அம்மா அந்தத் தாளை வாங்கி, இரண்டு வரியின்மேலும் விரலை ஓட்டினாள்.

"ஜன்னல்ல வாய ரெண்டு தபா அசைச்சாரே," என்றாள். "இதத்தான் சொல்லி கீறாரு."